காட்டுக்குக் கத்தி கொண்டுபோவது எப்படி? உறை, இடம், பழக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையேற்றம், முகாம், ஆற்றுப் பயணம் என்று வெளியே போகிறவர்களுக்காக எழுதியது இது. கயிறு அறுக்க, சுள்ளி சீவ, காய் நறுக்க, கட்டுத்துணி வெட்ட எடுத்துப்போகும் 8 முதல் 12 செ.மீ. அலகுள்ள கத்தியைப் பற்றித்தான் பேச்சு. எந்தக் கத்தி வாங்கலாம் என்று கேட்பவர்கள் நிறைய. எந்த உறை என்று கேட்பவர்கள் குறைவு. உறை சரியில்லாத கத்தியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் எங்கள் முதல் பதில்.

காட்டுக்குள் கத்தி எடுத்துப்போகச் சட்டம் அனுமதிக்கிறதா?

எந்தக் காடு என்பதைப் பொறுத்தது. வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டம் 1972-இன் 31-ஆம் பிரிவுப்படி, சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய வனத்துறையின் எழுத்துமூல முன் அனுமதி வேண்டும். ஆயுதம் என்றால் துப்பாக்கிதானே என்று நினைத்துவிடக் கூடாது. அதே சட்டம் ஆயுதம் என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் வலை, கண்ணி, கொக்கியோடு கத்தியும் இருக்கிறது. இத்தனை அங்குலத்துக்குள் இருந்தால் பரவாயில்லை என்ற விலக்கு அதில் கிடையாது. தேசியப் பூங்காக்களுக்கும் இதுவே பொருந்தும். முதுமலை, ஆனைமலை, களக்காடு–முண்டந்துறை பக்கம் நடக்கப் போகிறீர்கள் என்றால் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். அனுமதி இல்லை என்று சொன்னால் விட்டுவிட்டுப் போங்கள். காய், பழத்தை வீட்டிலேயே நறுக்கி எடுத்துக்கொள்ளலாம். சோதனைச் சாவடியில் நின்று வாதாடுவது வழிகாட்டிக்கும் உடன் வருகிறவர்களுக்கும் தொல்லை.

காட்டுக்கு வெளியே வேறு கணக்கு. ஆயுதச் சட்டம் 1959-இன் கீழான விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகை ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டவை அதில் சேராது. நாம் பேசும் கத்தி இந்த அளவில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் அளவு சின்னது என்பதற்காகக் கடைத்தெருவில் இடுப்பில் தெரியும்படி கட்டிக்கொண்டு போவது சரியாகிவிடாது. நடை தொடங்கும் இடத்தில் இடுப்பில் கட்டுங்கள், முடிந்ததும் பைக்குள் வையுங்கள்.

பிரிட்டனில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தி மட்டுமே. திறந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தி அந்த விலக்கில் வராது.

உறை நல்லதா என்று எப்படிச் சோதிப்பது?

கீழே மெத்தையோ மணலோ இருக்கும் இடத்தில் சோதியுங்கள். கத்தியை உறையில் முழுக்க இறக்கி, பிடி தரையைப் பார்க்கும்படி தலைகீழாகப் பிடித்துப் பத்துத் தடவை நன்றாக உதறுங்கள். அசையவே கூடாது. பித்தான் வார் உள்ள உறையாக இருந்தால், வாரைப் போடாமல் ஒரு தடவை, போட்டு ஒரு தடவை. வாரைக் கழற்றிய உடனே கத்தி வழுக்கி விழுகிறதென்றால் அந்த உறை பித்தான் ஒன்றையே நம்பி நிற்கிறது என்று அர்த்தம். புதரில் ஒரு கிளை பட்டாலே பித்தான் திறந்துவிடும்.

அடுத்தது எடுக்கும் சோதனை. கையை நனைத்துக்கொண்டு, ஒரே கையால் எடுத்துப் பாருங்கள். கட்டைவிரலை உறையின் வாயில் ஊன்றித் தள்ளினால் 'டக்' என்று பிடிமானம் விட்டு, அதன் பிறகு கத்தி மெதுவாக வர வேண்டும். பலம் கொடுத்து இழுத்து, திடீரென்று பிய்த்துக்கொண்டு வருகிற உறை தளர்ந்த உறையைவிட மோசம். அந்த வேகத்தில் கை எங்கே போகும் என்பது நம் வசத்தில் இல்லை.

தோல் உறையில் இன்னொன்றும் பாருங்கள். கூர்ப்பக்கம் தையலுக்கு உள்ளே, இரண்டு தோலுக்கும் நடுவில் 3 முதல் 4 மி.மீ. தடிப்பில் ஒரு தோல் பட்டை வைத்துத் தைத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை நுழைக்கும்போதும் கூர் நூலை அறுத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் உறையின் பக்கவாட்டில் கூர் எட்டிப் பார்க்கும். அடிமுனையில் தண்ணீர் வடிய ஒரு துளை இருப்பதும் நல்லது.

தோலா, பிளாஸ்டிக்கா, கைடெக்ஸா?

மழைக்காலத்துக்கும் கடலோரத்துக்கும் பிளாஸ்டிக்கோ, சூடாக்கி வடிவம் பிடிக்கும் கடினமான பிளாஸ்டிக் தகடான கைடெக்ஸோ. காய்ந்த மலைக்கும் நெடுநாள் நடைக்கும் தோல் இதமானது. சத்தம் போடாது, இடுப்பில் உறுத்தாது.

தோல் என்றால் பட்டை கொண்டு பதனிட்ட தோலாக இருக்கட்டும். ஆவாரம் பட்டையில் பதனிடும் மரபு நம் திருச்சி, திண்டுக்கல் வட்டாரத்துக்குச் சொந்தமானது. அந்த வகைத் தோலை நனைத்துக் கத்தி மேல் அழுத்திக் காயவிட்டால் கத்தியின் வடிவத்திலேயே இறுகிவிடும். கத்தியைப் பிடித்துக்கொள்வது அந்த இறுக்கம்தான். குரோமில் பதனிட்ட மெத்தென்ற பைத்தோல் அப்படி வடிவம் பிடிக்காது. இரும்பையும் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும்.

தோல் உறையின் பெரிய எதிரி எண்ணெய். தேங்காய் எண்ணெயை ஊற ஊறத் தடவினால் தோல் தொளதொளத்துப் பிடிமானம் போய்விடும். தேன்மெழுகை வெளிப்பக்கம் மட்டும் லேசாகத் தேய்த்துச் சூடு காட்டினால் போதும். எண்ணெய் அலகுக்குத்தான், அதுவும் ஒரு துளி. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து வெள்ளைப் படலமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது அப்படித்தான்.

வீட்டில் வைக்கும்போது கத்தியைத் தோல் உறைக்குள் விடாதீர்கள். தோல் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரம் மறந்தால் கார்பன் எஃகு அலகில் செம்புள்ளி விழுந்துவிடும்.

கைடெக்ஸ் நனைந்தாலும் கெடாது. மணல்தான் அதற்கு ஆகாது. உள்ளே போன மணல் ஒவ்வொரு தடவையும் அலகை உரசும். தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிடுங்கள். வெயிலில் பூட்டிய காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைக்காதீர்கள். சூட்டில் வாய் விரிந்து பிடிமானம் தளரலாம். தொழிற்சாலை பிளாஸ்டிக் உறையோடு வரும் மோரா போன்ற மலிவான கத்திகள் இந்த விஷயத்தில் நல்ல தொடக்கம். 10 செ.மீ. அளவு அலகு, நல்ல பிடிமானம், கழுவுவதும் சுலபம்.

உறை இல்லாமல் வாங்கிவிட்டேன். வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும், பிளம்பிங் கடை பிவிசி குழாயில். 25 மி.மீ. அகல அலகுக்கு 32 மி.மீ. குழாய் சரியாக இருக்கும். தட்டையாக்கினால் ஏறக்குறைய 5 செ.மீ. அகலம் வரும். அலகின் நீளத்தோடு பிடியின் தொடக்கம் 2 செ.மீ. உள்ளே இறங்கும் அளவும், அடியில் 2 செ.மீ. உபரியும் சேர்த்து அறுத்துக்கொள்ளுங்கள்.

அலகுக்கு இரண்டு சுற்று காகித டேப் ஒட்டுங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் உறை அலகைக் கவ்விக்கொண்டு விடாது. கொதிநீரிலோ வெப்பக் காற்றுத் துப்பாக்கியிலோ குழாயை வாழைமட்டை போல வளையும்வரை சூடாக்குங்கள். நெருப்பில் நேராகக் காட்ட வேண்டாம்: கருகினால் வரும் புகை நெஞ்சை அரிக்கும் நச்சு. ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை போடுங்கள். இளகியதும் கத்தியை உள்ளே நுழைத்து, இரண்டு பலகைக்கு நடுவே, பலகையின் உட்பக்கம் பழைய யோகா விரிப்புத் துண்டு வைத்து, கால் மிதியாலோ கவ்வியாலோ அழுத்திப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் மறுபடி விரிந்துவிடும்.

பிடிமானம் எங்கே வேண்டும் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். அலகை இறுக்கிப் பிடிக்கும் உறை கூரை மழுக்கும். பிடி தொடங்கும் இடத்தில், விரல் தங்கும் பள்ளத்தில்தான் உறை கவ்வ வேண்டும். அந்த இடத்தை மட்டும் மறுபடி சூடாக்கி விரலால் அழுத்தினால் கிடைத்துவிடும். கடைசியாக அடிமுனையில் 6 மி.மீ. துளை, பெல்ட்டுக்கு இரண்டு பிளவு, வாயின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுதல். அட்டையும் டேப்பும் கொண்டு செய்த உறை ஒருநாள் நனைந்தாலே போச்சு. அதைச் செய்ய வேண்டாம்.

உடம்பில் எந்த இடத்தில் கட்டுவது?

பழகிய கையின் பக்கம், இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால், கூர் பின்பக்கம் பார்க்க. கை இயல்பாகத் தொங்கும் இடம் அது. உட்கார்ந்தாலும் முனை தொடையைக் குத்தாது, எடுக்கும்போது அலகு உடம்பைக் குறுக்கே கடக்காது.

வேண்டாத இடங்கள் இரண்டு. ஒன்று, அடிவயிற்றுக்கு முன்னால் தொடை இடுக்கை நோக்கி. தொடையின் உள்பக்கம் பெரிய தமனி ஓடுகிறது. அங்கே ஒரு வெட்டு விழுந்தால் மலையிலிருந்து இறக்குவதற்குள் நிலைமை கைமீறிவிடும். மற்றொன்று, நடு முதுகுக்கு நேர் கீழே. பாறையில் வழுக்கினால் முதலில் தரையில் படுவது அந்த இடம்தான். முதுகெலும்புக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு இரும்புப் பிடி இருக்க வேண்டாம்.

பனையேறிகள் பாளை அரிவாளை இடுப்பின் பின்பக்கம் அருவாப்பெட்டியில் போட்டுக்கொண்டு ஏறுவதைப் பார்த்தவர்கள், நமக்கும் அது போதாதா என்று கேட்பார்கள். மேல் திறந்த பெட்டி அது. கையை விட்டதும் அரிவாள் வரும், போட்டதும் இறங்கும். உடம்பை நிமிர்த்தியே வைத்து ஏறி இறங்குகிற தொழிலுக்கு அதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. மலை நடையில் நாம் குனிகிறோம், தவழ்கிறோம், விழுகிறோம். கவ்விப் பிடிக்கும் உறை நமக்கு அதனால்தான் வேண்டியிருக்கிறது.

பெரிய பை மாட்டினால் இடுப்புப் பட்டை கத்தி மேல் ஏறிவிடுகிறதே?

மூன்று வழி உண்டு. பெல்ட்டிலிருந்து ஒரு வளையத்தில் 5 முதல் 8 செ.மீ. கீழே தொங்கும்படி உறையை மாட்டலாம். பட்டைக்குக் கீழே இறங்கிவிடும், உட்கார்ந்தால் தானாக விலகும். ஓடும்போது ஆடுகிறதென்றால் அடிமுனைத் துளையில் ஒரு கயிறு போட்டுத் தொடையோடு கட்டுங்கள். இரண்டாவது, பையின் இடுப்புப் பட்டையிலேயே கட்டுவது. பையைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனால் கத்தி பையோடு போய்விடும் என்பது அதன் குறை. மூன்றாவது, பையின் தோள் வாரில், பிடி கீழ்நோக்கி. நல்ல கைடெக்ஸ் உறை இருந்து, தலைகீழ் சோதனையில் தேறினால் மட்டும். தோல் உறையில் ஒருபோதும் இப்படி மாட்டாதீர்கள்.

கழுத்தில் தொங்கவிடலாமா?

உறையோடு சேர்த்து 100 கிராமுக்குள் இருக்கும் சின்னக் கத்தியை மட்டும். கயிறு கட்டாயம் இழுத்தால் அறுந்துபோவதாக இருக்க வேண்டும்: மணிச் சங்கிலியோ, பிய்ந்துகொள்ளும் பிளாஸ்டிக் இணைப்போ. பாராசூட் கயிறு போன்ற அறாத கயிறு கொடியிலோ கிளையிலோ மாட்டினால் கழுத்தைத்தான் இறுக்கும். கழுத்துக் கத்தியைச் சட்டைக்கு உள்ளே போடுங்கள். வெளியே போட்டால் குனியும்போது அடுப்பில் தொங்கும்.

பெல்ட் போடும் பழக்கமில்லை. டிராக் பேன்ட், லுங்கிதான்.

எலாஸ்டிக் இடுப்பில் கொக்கி மாட்டினால் கத்தியின் எடையே துணியை இழுத்து, உறை கவிழ்ந்து நிற்கும். 3 செ.மீ. அகல நைலான் பட்டை ஒன்றைத் தனியாக வாங்கி, துணிக்கு மேலே கட்டிக்கொள்ளுங்கள். லுங்கி மடிப்பில் செருகுவது வேண்டவே வேண்டாம்.

எடுக்கும்போதும் திருப்பி வைக்கும்போதும் எதைக் கவனிக்க வேண்டும்?

கத்தி வேலை செய்யும்போது கண் அதன் மேல்தான் இருக்கும். வேலை முடிந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டே உறையில் போடும்போதுதான் விரல் போகிறது. திருப்பி வைப்பதைத் தனி வேலையாகவே நினையுங்கள்: நில்லுங்கள், உறையைக் கண்ணால் பாருங்கள், அலகைத் துடையுங்கள், முனையை வாயில் வைத்து, அலகின் முதுகுப் பக்கம் (கூருக்கு எதிர்ப்பக்கம்) உறையோடு ஒட்டி இறங்கும்படி மெதுவாகத் தள்ளுங்கள். கடைசியில் 'டக்' கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் உள்ளே ஏதோ சுள்ளி சிக்கியிருக்கிறது.

மற்றக் கையால் உறையைப் பிடிப்பதென்றால் முதுகுப் பக்கத்தைப் பிடியுங்கள். கூர்ப்பக்கத்தைச் சுற்றி விரலை மடக்கக் கூடாது. நூல் அறுந்த தோல் உறை, விளிம்பு விட்ட மர உறை எதுவாக இருந்தாலும் கூர் நேராக உள்ளங்கைக்கு வரும். நேபாளக் குக்ரியில் இது இன்னும் தீவிரம். வளைந்த அலகு உறையின் உள்விளிம்பைத் தேய்த்துக்கொண்டுதான் வெளியே வரும்.

பையில் கை எட்டாத இடத்தில் உறை இருந்தால், பார்க்காமல் தடவித் தடவி நுழைக்காதீர்கள். உறையைக் கழற்றி முன்னால் கொண்டுவாருங்கள். இரண்டு நிமிடம் போனால் போகட்டும்.

மடக்குக் கத்தி இருந்தால் இந்தத் தலைவலி எல்லாம் இல்லையே?

குறைவு. ஆனால் அதற்கென்று சில உண்டு. பாக்கெட்டில் கிளிப்பால் மாட்டும் வகையில், மூடிய நிலையில் முனை மேல்நோக்கி இருந்தால், அலகு திறக்கும் பக்கம் பாக்கெட்டின் பின்தையலை ஒட்டி இருக்கும்படி மாட்டுங்கள். தையலே அலகைத் திறக்கவிடாமல் தடுக்கும். மறுபக்கம் மாட்டினால், அலகு சற்றே விரிந்திருக்கும் நாளில் பாக்கெட்டுக்குள் விடும் விரல் நேராக அதன் மேல் இறங்கும். அதே பாக்கெட்டில் சாவியும் சில்லறையும் வேண்டாம்.

பூட்டு உட்காரும் பள்ளத்தில் பஞ்சும் மணலும் சேர்ந்தால் பூட்டு முழுதாக விழாது. வாரம் ஒருமுறை பல்குச்சியால் சுரண்டுங்கள். ஓபினெல் போன்ற மரப்பிடிக் கத்தி மழையில் நனைந்தால் மரம் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். நகத்தால் நெம்பாமல், பூட்டு வளையம் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிடியின் அடிப்பகுதியை ஒரு கட்டையில் தட்டுங்கள். அலகு கொஞ்சம் வெளியே வரும்.

ஈரக் கையோடும் குளிரில் விறைத்த விரலோடும் திறக்க வேண்டியிருந்தால் மடக்குக் கத்தி தோற்கும். அந்த மாதிரி இடத்துக்கு உறைக் கத்திதான்.

அரிவாள், வெட்டுக்கத்தி கொண்டுபோக?

தோட்டம், சொந்த நிலம் என்றால் மட்டும். பழைய தோட்டத்துக் குழாயை நீளவாக்கில் பிளந்து கூரில் செருகி, சைக்கிள் டியூபை 2 செ.மீ. வளையங்களாக வெட்டி மூன்று இடத்தில் மாட்டுங்கள். வளைந்த முனைக்கு மேலும் குழாய் ஏறியிருக்க வேண்டும். இருசக்கர வண்டியில் முன்னால் மாட்டாதீர்கள்.

பேருந்து, ரயில், விமானத்தில்?

பேருந்திலும் ரயிலிலும் உறையோடு துணியில் சுற்றி, பையின் நடுவில், துணிமணிக்கு உள்ளே. விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது. சாவிக்கொத்தில் தொங்கும் சின்ன விக்டோரினாக்ஸ் மடக்குக் கத்தியையும் வாங்கிப் போட்டுவிடுவார்கள். ஒப்படைக்கும் பெட்டியில், முனை குத்தாதபடி உறையிட்டுச் சுற்றி வையுங்கள். பெட்டியைத் திறந்து சோதிக்கிறவரின் கையும் கைதான்.

ஆற்றிலும் படகிலும்?

இங்கே கத்தி ஒரே வேலைக்கு: உடம்பிலோ காலிலோ சுற்றிய கயிறை அறுக்க. ஆகவே முனை மழுங்கிய, ரம்பப் பல் கொண்ட சிறிய கத்தி போதும். மிதவை அங்கியின் நெஞ்சுப் பகுதியில், இரண்டு கையாலும் எட்டும் இடத்தில் மாட்டுங்கள். இடுப்பில் மாட்டினால் அங்கி மறைத்துவிடும், தண்ணீருக்குள் தேட முடியாது. கரையில் நின்று கண்ணை மூடிக்கொண்டு வலது கையால் ஐந்து தடவை, இடது கையால் ஐந்து தடவை எடுத்துப் பழகுங்கள். உப்புத் தண்ணீரில் போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, உறையையும் கத்தியையும் தனித்தனியே காயவையுங்கள்.

வெட்டுப்பட்டுவிட்டால்?

சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். நின்றதா என்று நடுவில் தூக்கிப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி தொடங்கும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. ரத்தம் பீறிட்டு வந்தாலோ, விரல் மரத்துப்போனாலோ, மடக்க வராவிட்டாலோ 108-ஐ அழைத்துக் கீழே இறங்குங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் எதையும் ஆழமான காயத்தில் போடாதீர்கள், தையல் போடுகிறவர் அதைக் கழுவி எடுப்பதற்கே பாடுபட வேண்டியிருக்கும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்பார்கள்.

தொலையாமல் இருக்கக் கயிறு கட்டலாமா?

படகில் கட்டலாம். தரையில் வேண்டாம். மணிக்கட்டில் வளையம் மாட்டி வேலை செய்யும்போது கை நழுவினால் கத்தி கீழே விழாது. ஊஞ்சல் போல ஆடிக் கைக்கோ முழங்காலுக்கோ வரும். நழுவும் கத்தியைப் பிடிக்கப் பாயாமல், கையையும் காலையும் விலக்கிக்கொள்வதே சரி. சருகுக்குள் விழுந்த கத்தி கண்ணில் படுவதற்குப் பிடியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஆரஞ்சு நிற டேப் சுற்றுங்கள். பச்சை, பழுப்பு, கறுப்புப் பிடிகள் காட்டுத் தரையில் இரண்டடி தூரத்திலேயே மறைந்துவிடும். இடத்தை விட்டுக் கிளம்பும் முன் உறையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.